கிராம்பும் கோழிச்சாறும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவில் அமைந்த சிற்றூர் இலஞ்சி. ஆனி, ஆடித் திங்கள்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்துவரும் மேல்காற்று அவ்வூர் வயல்களை நனைத்துக்கொண்டே கிழக்கே செல்லும். மழையென எண்ணிக் குடையை விரித்தால் நின்றுவிடும். நின்றதென எண்ணி மடக்கினால் மீண்டும் தூறும். சாரல் என்று எம்மவர் அதனை அழைப்பர்.

அத்தகைய ஒரு சாரல் நாளில், இலஞ்சியில் உறவினர் இல்லத்தில் யாம் கூடியிருந்தோம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்து, முதிய வயதில் ஊருக்கு வந்திருந்த பெரியம்மா அன்று அடுக்களையை ஏற்றார். பகலுணவுக்கு வந்தது எமக்குப் பழகிய கோழி ஆணம் அன்று. மஞ்சள் நிறமும் தெளிவும் கொண்ட, நீர்த்த, ஆனால் அறை முழுதும் மணம் பரப்பும் ஒரு சாறு. அதனடியில் நாராகக் கிழித்த கோழி இறைச்சி. மேலே பொரித்த வெங்காயமும், பாதியாக அரிந்த அவித்த முட்டையும்.

"இது எந்த ஊர் ஆணம்?" என்று வீட்டுச் சிறுமி கேட்டாள்.

"ஜாவாக்காரங்க ஆணம்மா. சோத்தோன்னு பேரு. அங்கே இருந்து நமக்கும் பழகிப்போச்சு" என்றார் பெரியம்மா.

அவர் கூறியது உண்மை. ஆனால் பாதி உண்மை. சாற்றில் மிதந்த கிராம்பைக் காட்டி, "இது எங்கே வாங்கியது?" என்று யாம் வினவினோம். "எதிரே இருக்கிற மலையிலே விளைஞ்சதுதான், குற்றாலத்துக் கடையிலே வாங்கினோம்" என்றார் வீட்டுக்கார அம்மையார். ஜாவாவின் உணவு, குற்றாலத்துக் கிராம்பு, சிங்கப்பூரில் பழகிய கை ஆகிய மூன்றும் ஓர் இலஞ்சி அடுப்பில் கூடியது எவ்வாறு? அந்தச் சிறுமிக்கு அன்று சொல்லி முடியாத மறுமொழியே இக்கட்டுரை.

சோத்தோ என்னும் சாறு

இந்தோனேசியாவில் சோத்தோ இல்லாத நகரம் அரிது. கோழியில் சமைப்பது சோத்தோ ஆயம். ஆயம் என்பது அம்மொழியில் கோழியைக் குறிக்கும். ஊருக்கு ஊர் அதன் கோலம் மாறும். கிழக்கு ஜாவாவின் லாமோங்கானில், பொரித்த இறால் அப்பளத்தையும் பூண்டையும் இடித்த பொடியை மேலே தூவுவர். சுமத்ராவின் மேடானில் தேங்காய்ப்பால் சேர்ப்பர். தென் கலிமந்தானின் பஞ்சார் மக்கள் கிராம்பு, பட்டை, சாதிக்காய், ஏலம், அன்னாசிப்பூ ஆகியவற்றைச் சாற்றில் இட்டு மணமூட்டுவர். பெரியம்மா அன்று ஆக்கியது இந்தப் பஞ்சார் முறையைத் தழுவியதே.

சோத்தோ என்னும் பெயர், ஜாவாவின் வடகரைத் துறைமுகங்களில் குடியேறிய சீனரின் சொல்லிலிருந்து வந்தது என்பது ஜாவா வரலாற்றை விரிவாக எழுதிய பிரெஞ்சு அறிஞர் டெனிஸ் லொம்பார்டின் கருத்து. பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடிபோன்ற சேமியா அதில் இடம்பெறுவதும் சீனர் தொடர்பைக் காட்டும். மஞ்சளும் மல்லியும் சீரகமும் இந்தியக் கரையின் உறவைச் சொல்லும். கிராம்பும் சாதிக்காயும் அத்தீவுகளின் சொந்தச் செல்வம். ஆகவே ஒரு கிண்ணச் சோத்தோவில் கீழைக்கடல் முழுதும் அடங்கியிருக்கிறது எனல் மிகையாகாது.

சமைக்கும் முறை கடினமானதன்று, பொறுமையே வேண்டும். ஒரு கிலோ அளவுள்ள வெடைக்கோழியை நான்காகப் பிளந்து, 2 லிட்டர் நீரில் இட்டு, கொதி வந்ததும் நுரையை அள்ளி நீக்கிவிட்டு, தணலைக் குறைத்து முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். தணல் மிகுந்தால் சாறு கலங்கும். மறுபுறம் சின்ன வெங்காயம் 12, பூண்டு 6 பல், ஒரு விரல் இஞ்சி, ஒரு விரல் பச்சை மஞ்சள், மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை அம்மியில் மைபோல் அரைக்க வேண்டும். அங்குள்ளோர் கெமிரி என்னும் எண்ணெய்க் கொட்டையையும் சேர்த்தரைப்பர். இங்கே 4 முந்திரிப் பருப்பு அதற்கு ஈடாகும். அரைத்ததை எண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்கிச் சாற்றில் கலந்து, கிராம்பு 5, இரண்டு விரல் நீளப் பட்டை, அன்னாசிப்பூ 1, ஏலம் 3, தட்டிய சாதிக்காய் பாதி, நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டு, ஒரு துண்டு பேரரத்தை ஆகியவற்றை இட வேண்டும். கோழி வெந்ததும் எடுத்து ஆறவைத்து நாராகக் கிழித்து, உண்ணும் வேளையில் கிண்ணத்தில் வைத்துக் கொதிக்கும் சாற்றை மேலே ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பர்.

அவர்கள் இதில் சேர்க்கும் சலாம் என்னும் இலை எம்மூரில் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு வியப்பு உண்டு. அந்தச் சலாம் மரமும், கிராம்பு மரமும், நம் தெருவோரத்து நாவல் மரமும் தாவர நூலாரின் பகுப்பில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கடல் பிரித்த உறவினர் ஒரு பானையில் கூடுகின்றனர்!

கடல் கடந்த மணம்

கிராம்பு மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள மலுக்குத் தீவுகள். தெர்னாத்தே, தீதோர் முதலிய சின்னஞ்சிறு எரிமலைத் தீவுகளே பன்னெடுங்காலம் உலகுக்கெல்லாம் கிராம்பை அளித்தன. சாதிக்காய்க்கும் சாதிப்பத்திரிக்கும் தாயகம் அவற்றுக்குத் தெற்கே உள்ள பாந்தாத் தீவுகள். கிராம்பு என்பது மலரும் அன்று, காயும் அன்று. விரியுமுன் பறித்து வெயிலில் உலர்த்திய மொட்டு. மொட்டு சிவக்கத் தொடங்கும் பருவத்திலேயே பறித்தாக வேண்டும். மலர்ந்துவிட்டால் மணம் குன்றும்.

அந்த மொட்டு தமிழ்க்கடலுக்கு எப்பொழுது வந்தது? ஈழத்தில் மன்னாருக்கு அருகே மாதோட்டம் என நம் நூல்கள் போற்றும் மாந்தைத் துறைமுகத்தில், அகழ்வாய்வில் கிடைத்த கருகிய தானியங்களுக்கிடையே ஒரு கிராம்பும் கிடைத்திருக்கிறது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதென அதன் காலத்தை ஆய்வாளர் கணித்துள்ளனர். மலுக்குவிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து வந்த மொட்டு அது.

எதிர்த்திசையிலும் தமிழர் சென்றனர். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் துறைக்கு அருகே, லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த ஆவணம் அது. பாருஸ் கற்பூரத்திற்குப் பேர்பெற்ற இடம். அரபு வணிகர் அதனை ஃபன்சூர் என்று அழைத்தனர். திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் சுவனத்துப் பானங்களைக் கூறுமிடத்தில் காஃபூரையும் சஞ்சபீலையும், அதாவது கற்பூரத்தையும் இஞ்சியையும், குறிப்பிடுவதை நம் இல்லங்களில் அறியாதார் இலர். கீழைத் திசையின் நறுமணம் அரபு நாட்டார் உள்ளத்தில் பெற்றிருந்த இடம் அத்தகையது.

பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா இவ்விரு கரைகளையும் கண்டார். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. தமிழ்நாட்டில் தங்கிச் சென்ற அவர், பின்னர் சுமத்ராவின் சமுத்திரா அரசில் விருந்தினராக இருந்தார். அங்கிருந்த சுல்தான் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றியவர் என்று எழுதுகிறார். நம் கீழைக்கரை மரக்கலத்தார் பின்பற்றிய மத்ஹபும் அதுவே. சட்டநூலும் சாதிக்காயும் ஒரே மரக்கலங்களில் பயணம் செய்த காலம் அது.

சொற்களும் பயணம் செய்தன. நம் கப்பல் மலாய் மொழியில் காப்பல் ஆயிற்று. கடை கெடாய் ஆயிற்று. பெட்டி பெத்தி ஆயிற்று. மாங்காய் மங்கா ஆயிற்று. லெப்பை லெபாய் ஆனார். ஊர்ப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுத்த பெரியவரின் பெயரைக்கூட அவர்கள் தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டனர்.

மரத்தை வெட்டியவர்கள்

இந்த மணத்தின் வரலாற்றில் குருதி வாடையும் உண்டு. அதனை மறைத்துச் சாற்றை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

மலுக்குவிற்குப் போர்த்துகீசியர் வந்தனர். தெர்னாத்தேயின் சுல்தான் ஹைருனை 1570-இல், உடன்படிக்கை செய்வதாகத் தங்கள் கோட்டைக்கு அழைத்துக் கொன்றனர். அவர் மைந்தர் சுல்தான் பாபுல்லா கோட்டையை ஐந்தாண்டுகள் முற்றுகையிட்டு, 1575-இல் அவர்களை வெளியேற்றினார். தந்தையைக் கொன்றவர்களை உயிருடன் செல்ல விட்டார் என்பது அவருடைய வெற்றியினும் பெரிய செய்தி.

பின்வந்த டச்சுக்காரர் வணிகத்தைக் கணக்குப் பார்த்துச் செய்தனர். எல்லோருக்கும் கிடைக்கும் பொருளுக்கு விலை ஏறாது. ஆகவே பிறருக்குக் கிடைக்காமற் செய்தனர். 1621-இல் யான் பீட்டர்சோன் கூன் என்பவனின் படை பாந்தாத் தீவுகளில் இறங்கியது. 44 ஊர்ப்பெரியோர் தலை துணிக்கப்பட்டனர். ஏறத்தாழ 15,000 பேராக இருந்த தீவு மக்களில் ஆயிரம் பேரளவே எஞ்சினர் என்று வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். ஏனையோர் வாளுக்கும் பசிக்கும் இரையாயினர், அல்லது அடிமைகளாக்கப்பட்டனர், அல்லது தப்பியோடினர். வெறுமையான தோட்டங்களுக்கு அடிமைகளைக் கொண்டுவந்து சாதிக்காய் விளைவித்தனர்.

கிராம்பின் கதியும் அதுவே. அம்போன் தீவிலும் அதனையடுத்த சில தீவுகளிலும் மட்டும் கிராம்பு விளையலாம் என விதித்தனர். 1652-இல் தெர்னாத்தே சுல்தானுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, மற்றத் தீவுகளில் மரங்களைத் தேடித்தேடி வெட்டினர். பாட்டன் நட்ட மரத்தைப் பேரன் கண்ணெதிரே வெட்டி வீழ்த்தினால் அவ்வீட்டார் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! தெர்னாத்தேயின் மலைச்சரிவில் ஆஃபோ என்றழைக்கப்பட்ட ஒரு முதுமரம் அந்த வெட்டுக்குத் தப்பியதென்று தீவு மக்கள் பெருமையோடு கூறிவந்தனர்.

மணத்தை வேலியிட்டு நிறுத்த எவரால் இயலும்? 1770-இல் பியேர் புவாவ்ர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கிராம்பு, சாதிக்காய் நாற்றுகள் மறைவாக மொரீசியசுக்குச் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்சிபார் கிராம்புத் தீவாக மாறியது. பிற்காலத்தில் இந்தோனேசியாவே சான்சிபாரிலிருந்து கிராம்பை விலைகொடுத்து வாங்க நேர்ந்தது! மரத்தின் தாயகம் மணத்துக்காக அயலாரிடம் கையேந்திய விந்தை அது.

இவ்விடத்தில்தான் குற்றாலம் கதைக்குள் வருகிறது. 1796-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்போனையும் பாந்தாவையும் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அங்கிருந்து கிறிஸ்டோபர் சுமித் என்னும் தாவர அறிஞர் திரட்டிய நாற்றுகள் கப்பல் கப்பலாகப் பினாங்குக்கும் இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டன. 1800-ஐ ஒட்டிக் கம்பெனியார் குற்றாலத்தில் நறுமணத் தோட்டம் ஒன்றை அமைத்தனர். இந்திய மண்ணில் கிராம்பு வேரூன்றியது அத்தோட்டத்தில்தான். கடும் வெயில் தாக்காத மலையடி, ஆண்டில் இரு பருவமும் கிட்டும் ஈரம், நீர் தேங்காத சரிவு ஆகியவை அம்மரத்திற்கு மலுக்குவை நினைவூட்டியிருக்க வேண்டும். 1850-க்குப் பின்னர் இங்கிருந்து நீலகிரிக்கும் திருவிதாங்கூரின் தென்பகுதிக்கும் கிராம்புப் பயிர் பரவியது. இன்று கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்று விளங்குகிறது என்றால் அதற்கு முன்னோடி குற்றாலத் தோட்டமே.

அந்த ஆண்டுகளை வாசகர் சற்று உற்று நோக்க வேண்டும். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தது. அதே ஆண்டில் நெல்லைச் சீமையின் ஆட்சி நவாபின் கையிலிருந்து முழுவதும் கம்பெனியின் கைக்கு மாறியது. ஒரு பக்கம் தூக்குக் கயிறு. மறுபக்கம் கிராம்பு நாற்று. இரண்டையும் கொண்டுவந்தது ஒரே ஆட்சி. சாரலில் தழைத்து நிற்கும் அம்மரங்களைக் காணும்போது, அவை வந்த வழியையும் நாம் மறத்தல் ஆகாது.

அண்டை வீட்டாரை நினைத்த சாறு

மரத்தை வெட்டியவர்களின் வரலாறு ஒன்று. அந்த மணத்தைச் சாற்றில் கரைத்துப் பகிர்ந்தவர்களின் வரலாறு மற்றொன்று. இரண்டாவதை எழுதியவர் குறைவு.

நடு ஜாவாவில் கூடூஸ் என்றொரு நகரம் இருக்கிறது. அல்குத்ஸ் என்னும் அரபுப் பெயரே அவ்வாறு மருவியது. ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது இறைநேசர்களுள் ஒருவரான சூனான் கூடூஸ் அங்கே வாழ்ந்தார். 1549-இல் அமைந்த அவருடைய பள்ளிவாசலின் செங்கல் கோபுரம் பழைய ஜாவாக் கோயில் ஒன்றின் வடிவில் நிற்கிறது. ஊரிலிருந்த இந்துக்களின் உள்ளம் நோகலாகாதெனக் கருதி, பசுவை அறுக்க வேண்டாமென்று அவர் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார் என்பது அவ்வூர் மரபு. மார்க்கம் ஆகுமாக்கிய ஒன்றை அண்டை வீட்டாருக்காக அவர்கள் தாமாகவே விட்டுக்கொடுத்தனர். அதனால் கூடூஸ் நகரத்துச் சோத்தோ இன்றளவும் கோழியிலோ எருமை இறைச்சியிலோதான் ஆக்கப்படுகிறது. ஒரு நகரத்தின் நல்லிணக்கம் அதன் சாற்றுக் கிண்ணத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது!

சுமத்ராவின் வடகோடியிலுள்ள ஆச்சேயில் மற்றொரு வழக்கம் உண்டு. ரமளான் நாட்களில் பள்ளிவாசல்களில் பெரும் அண்டாக்களில் கஞ்சி ரும்பி என்னும் உணவைக் காய்ச்சி, நோன்பு திறப்போருக்கும் ஊராருக்கும் வழங்குகின்றனர். அரிசியுடன் கோழியோ இறாலோ சேர்த்து, கிராம்பு, பட்டை முதலிய மணப்பொருள்களுடன் குழைய வேகவைப்பது அது. பெயரின் முற்பகுதி நம் கஞ்சியே. அஸருக்குப் பின் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்கு ஓடிய நம் பிள்ளைப்பருவத்தை இதற்குமேல் நினைவூட்ட வேண்டுமா? நாம் கற்றுக்கொடுத்தோமா, அவர்கள் கற்றுக்கொடுத்தார்களா என்று வழக்காடுவதில் பயனில்லை. ஒரே அண்டாவில் இரு கரையாரும் அகப்பையிட்டனர் என்பதே போதும்.

அம்மிக்கல் ஏந்திய நெசவாளர்

இனி, பெரியம்மாவின் கைக்கு இச்சாறு பழகிய கதை.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் முன்னாளில் தறியை நம்பியே வாழ்ந்தனர். ஆலைத்துணி சந்தையில் நிறைந்தபோது தறியின் ஓசை தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தனர். அவர்களுக்கு முன்பே அங்கே தமிழ் முஸ்லிம்கள் வேரூன்றியிருந்தனர். சிங்கப்பூரின் ஜாமிஆ பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. நாகூர் ஆண்டகையின் நினைவில்லம் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்தது. ஆனால் கரையோர வணிகர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே சென்றனர். நம் வட்டாரத்தாரோ மனைவி மக்களையும் உடனழைத்துச் சென்றனர். அதனால் அவர்களுடன் அடுக்களையும் கடல் கடந்தது.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற ரஜூலாக் கப்பலை அறியாத மூத்தோர் நம்மிடையே இலர். 1926 முதல் 1973 வரை ஓடிய அக்கப்பலின் தளத்தில் அடித்தட்டுப் பயணிகளாக எத்தனை குடும்பங்கள் சென்றன! இறங்கிய இடம் தஞ்சோங் பகார். ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தனர். சிறு கடை வைத்தனர். பெண்கள் தோசையும் பலகாரமும் சுட்டனர். ஆண், பெண் என்ற வேறுபாடின்றிக் குடும்பமாக மசாலை அரைத்துச் சந்தையில் விற்றனர். மலாய்க்காரர் ரெம்பா என்றழைக்கும் ஈர மசாலை அது. மீனுக்கு ஒரு கூட்டு, இறைச்சிக்கு ஒரு கூட்டு, சாற்றுக்கு ஒரு கூட்டு என்று வாங்குபவர் சொல்லச் சொல்ல, உருட்டி எடுத்து இலையில் வைத்துக் கொடுப்பர். அண்டையில் வாழ்ந்த ஜாவா நாட்டவரும் பாவியானியரும் மலாயரும் வாடிக்கையாளர் ஆயினர்.

வாங்குபவர் எதைச் சமைக்கிறார் என்று அறியாமல் அவருக்கு மசாலை கூட்ட இயலாது. ஆகவே நம் பெண்கள் கேட்டறிந்தனர்; பின்னர்த் தம் வீட்டிலும் ஆக்கிப் பார்த்தனர். சோத்தோ இவ்வாறுதான் நம் வட்டாரத்து வீடுகளுக்குள் நுழைந்தது. சமையல் நூலில் படித்துக் கற்றவர் எவருமிலர். அம்மியின் இருபுறமும் நின்ற இரு பெண்களின் உரையாடலில் அது பிறந்தது. அரைத்த கைகள் விடியற்காலை முதல் எரிந்துகொண்டே இருந்தன. மிளகாயும் மஞ்சளும் ஏறிய விரலால் கண்ணைத் துடைக்கவும் முடியாது. அந்த உழைப்பில்தான் ஊரில் ஓட்டுவீடுகள் எழுந்தன; பிள்ளைகள் படித்தனர்.

படிப்பு என்றதும் ஒன்று கூற வேண்டும். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தோன்றியது. உலகப் போரின் துயர் ஓய்ந்ததும் 1946-இல் அச்சங்கத்தார் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். மசாலை அரைத்தவர்களின் மக்கள் தமிழில் படித்தனர். அப்பள்ளி 1982 வரை நடைபெற்றது. பள்ளி மறைந்தாலும் புலவரின் பெயர் அந்நாட்டுத் தமிழ்மொழி நிலையத்திற்குச் சூட்டப்பட்டு நிலைபெற்றது. சிங்கப்பூரில் கடையநல்லூர்த் தெரு என்றே ஒரு தெரு உண்டு. மாக்ஸ்வெல் உணவங்காடி அத்தெருவில்தான் இருக்கிறது. உலகோர் வந்து பசியாறும் இடத்திற்கு நம் வட்டாரத்து ஊரின் பெயர் முகவரியாக அமைந்தது பொருத்தமே அன்றோ!

நீரைக் கூட்டுங்கள்

இலஞ்சி வீட்டு அடுக்களைக்கே திரும்புவோம். அன்று நாங்கள் உண்ண அமர்ந்த வேளையில், சாரலுக்கு ஒதுங்கிய இருவர் திண்ணையில் வந்து அமர்ந்தனர். குற்றாலத்திற்கு வந்து வழிதவறிய வெளியூரார். கோழியோ ஒன்றுதான். வீட்டார் ஒருவரையொருவர் நோக்கினர். பெரியம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, பானையில் இரண்டு செம்பு வெந்நீரை ஊற்றி, உப்பைச் சரிபார்த்து, மேலும் ஒரு கொதி விட்டார். எல்லோருக்கும் போதுமானதாயிற்று. மணம் சற்றும் குறையவில்லை.

குழம்பு காய்ச்சும்போது நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் எண்ணிக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குப் பணித்த செய்தி முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பலகாலும் கேட்ட செய்திதான். ஆயினும் அதன் முழுப்பொருளும் எமக்கு விளங்கியது அன்றைய அடுக்களையில்தான். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகக் கூட்டம், பிறருக்குக் கிடைத்தால் தன் பங்கு குறையுமென அஞ்சி ஒரு தீவையே அழித்தது. அதே கிராம்பு மிதக்கும் சாற்றில் ஒரு மூதாட்டி, பிறருக்கும் கிடைக்கட்டுமென நீரைக் கூட்டினார். டச்சுக் கம்பெனி 1799-இல் கடனில் மூழ்கி மறைந்தது. சாறோ இன்றும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

நம் இல்லங்களில் இத்தகைய மூத்தோர் இன்னும் இருக்கின்றனர். எந்தக் கப்பலில் சென்றனர், எந்தச் சந்தையில் அமர்ந்தனர், எவருக்கு என்ன மசாலை கூட்டினர் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அரசர்களின் செய்தியைக் கல் காத்தது. இவர்களின் செய்தியைக் காக்கக் கல் இல்லை. ஒரு நாள் அவர்கள் அருகே அமர்ந்து, ஒரு குறிப்பேட்டில் அளவுகளையும் நினைவுகளையும் எழுதிக்கொள்வது பேரப்பிள்ளைகள் கடன்.

"இது எந்த ஊர் ஆணம்?" என்று கேட்ட சிறுமி, உண்டு முடித்துக் கையலம்பியபின், தன் பள்ளிக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் சென்றாள். "எத்தனை கிராம்பு போட்டீங்க?" என்று கேட்டு, முதல் வரியை எழுதத் தொடங்கினாள்.